மாடிப்படிக்கு அடியில் கிடந்த 100 சி.சி. எஞ்சின்: அடையாளம் காண்பதும் ஓடவைப்பதும்

உங்கள் தாத்தா வீட்டு மாடிப்படிக்கு அடியில் கோணிச்சாக்கில் சுற்றிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒன்று கிடைத்திருக்கிறது. வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. பக்கவாட்டு மூடியில் இருந்த எழுத்து தேய்ந்திருக்கிறது, கிக்கர் அசையவில்லை. 1980களின் பிற்பகுதியில் தாத்தா ஓட்டிய 100 சி.சி. வண்டியுடையது என்று மட்டும் மாமா சொல்கிறார். இது எந்த எஞ்சின், இதை மறுபடி ஓடவைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. இந்த வகை எஞ்சின்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டிவருகிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பதிலைப் படித்து முடிக்கும்வரை கிக்கரை ஏறி மிதிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மாமா சொன்ன காலக்கணக்கு பெரிய உதவி. 1980களின் தொடக்கத்தில் 100 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்பை அரசு அனுமதித்ததும், ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் அடுத்தடுத்து இங்கே வந்தன. 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் யமஹா ஆர்எக்ஸ் 100, 1986-இல் பஜாஜின் கவாசாகி கேபி 100. மாமாவின் நினைவு சரியென்றால் உங்கள் எஞ்சின் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கு முந்தைய ராஜ்தூத் 173 சி.சி., ஜாவாவும் எஸ்டியும் 250 சி.சி. என்பதால், அவற்றைப் பக்கத்தில் வைத்தாலே பருமனில் வேறுபாடு தெரிந்துவிடும். ஜாவா எஞ்சினில் கிக்கரும் கியர் நெம்பும் ஒரே கம்பி. சிலிண்டரிலிருந்து இரண்டு சைலன்சர் குழாய்கள் கிளம்பும். அதை யாரும் தவறவிட மாட்டார்கள்.

நான்கில் ஹோண்டாவை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடலாம். அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் ஏறக்குறையப் படுத்த நிலையில் முன்னோக்கி நீண்டிருக்கும், ஹெட்டில் வால்வுக்கான மூடிகள் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது. ஹெட்டில் வெறும் துடுப்புகளும் நடுவில் பிளக் துளையும் மட்டுமே உள்ளன. ஆகவே இது டூ ஸ்ட்ரோக். அடுத்து, சிலிண்டரின் பின்புறத்தைப் பாருங்கள். கவாசாகியில் கார்புரேட்டர் சிலிண்டருக்குப் பின்னால் இருக்காது. கிராங்கின் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வலது முனையில் சுழலும் ஒரு மெல்லிய தட்டுதான் அதில் காற்றும் பெட்ரோலும் நுழையும் வழியைத் திறந்து மூடுகிறது என்பதால், கார்புரேட்டர் வலதுபக்க மூடிக்குள் ஒளிந்திருக்கும். சிலிண்டருக்குப் பின்னால் நுழைவாயிலே இல்லையென்றால் அது கேபி 100. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் சிலிண்டருக்குப் பின்னால் நான்கு போல்ட்டுகள் பிடித்த ஒரு சதுர முகப்பு தெளிவாகத் தெரிகிறது. கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகட்டுக் கதவான ரீடு வால்வு உட்காரும் இடம் அது.

மிஞ்சுவது யமஹாவும் சுசுகியும். இந்த இடத்தில்தான் பலர் அளவுகோலை நம்பி ஏமாறுகிறார்கள். இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.; கணக்குப் போட்டால் இரண்டும் 98 சி.சி.தான். அளந்து இவற்றைப் பிரிக்க முடியாது, குத்திய எஞ்சின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கிராங்க் இருக்கும் கூடான கிராங்க் கேஸின் மேல் விளிம்பைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். எமரித் தாளோ கம்பி பிரஷ்ஷோ அந்தப் பக்கமே போகக்கூடாது. எண்ணின் மேல் எமரி பட்ட தடம் இருந்தாலே அதைத் திருத்தப்பட்ட எண் என்று சந்தேகிப்பார்கள். அந்தச் சந்தேகத்தைப் பிறகு எந்தச் சான்றாலும் துடைக்க முடியாது. எண் மங்கலாக இருந்தால் பள்ளிக்கூடச் சுண்ணாம்புக் கட்டியை அதன்மேல் தேய்த்து, உலர்ந்த துணியால் மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் வெள்ளை தங்கி எழுத்துகள் தனியாகத் தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்த எண் 1எல்1 என்று தொடங்கினால் உங்களிடம் இருப்பது ஆர்எக்ஸ் 100.

யமஹா தன் உதிரிபாக எண்களின் முதல் மூன்று எழுத்துகளில் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் குறித்துவைக்கும். அதனால் சிலிண்டரிலும் மூடிகளின் உட்புறத்திலும் வார்க்கப்பட்ட குறிகளையும் தேடிப் பாருங்கள். கிராங்க் கேஸ் ஒரு வண்டியுடையதாகவும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பிளாக் (சிலிண்டர்) வேறொரு வண்டியுடையதாகவும் இருப்பது ஆர்எக்ஸ் எஞ்சின்களில் மிகவும் சாதாரணம். ஆர்எக்ஸ் 100-இன் உற்பத்தி 1996-இல் நின்ற பிறகு வந்த 135 வரிசை எஞ்சின்களுக்கும் ஸ்ட்ரோக் அதே 50 மி.மீ.தான், போர் மட்டும் 58 மி.மீ., அதாவது 132 சி.சி. வேகம் கூடும் என்று 100-இன் அடிப்பாகத்தில் 135-இன் பிளாக்கை ஏற்றியவர்கள் ஏராளம். ஹெட்டைக் கழற்றியதும் வெர்னியரால் போரை ஒருமுறை அளந்தால் இது தெரிந்துவிடும். 50-க்கும் 51-க்கும் இடையில் ஏதாவது ஓர் அளவு வந்தால், அது 100-இன் பிளாக். எத்தனை முறை போர் அடித்திருக்கிறார்கள் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கியிருக்கிறார்கள்) என்பதும் அந்த அளவிலேயே தெரியும்.

எண் தெரிந்ததும், எஞ்சினில் கைவைப்பதற்கு முன்பே, தாத்தாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தை வீட்டில் தேடுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் இதுவும் ஒன்றானால் இது உங்கள் குடும்பத்து எஞ்சின்தான் என்பதற்கு எழுத்துச் சான்று கிடைத்துவிடும். பின்னால் இதை வேறொரு வண்டியில் பூட்டிச் சாலையில் ஓட்ட நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. அப்போது இந்தப் புத்தகம் இல்லாமல் ஓர் அடியும் நகர முடியாது. ஆர்எக்ஸ் 100-க்கு இன்று இருக்கும் மவுசில் எண்ணைத் தேய்த்து வேறு எண் குத்திய எஞ்சின்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன. தேயாத, தொழிற்சாலையில் குத்திய எண்ணோடு ஒரு எஞ்சின் ஒரே வீட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறது என்றால் அது உண்மையிலேயே பெரிய விஷயம்.

இனி கிக்கரை ஏன் மிதிக்கக்கூடாது என்பதைச் சொல்கிறேன். எஞ்சின் இறுகி நிற்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: ரிங்குகள் துருவால் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம், கிராங்கின் பேரிங்குகள் துருப்பிடித்திருக்கலாம், அல்லது உள்ளே ஏதோ ஒரு பொருள் தடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. சைலன்சர் கழற்றப்பட்ட எஞ்சினின் எக்ஸாஸ்ட் துவாரம், குளவிக்குக் கூடு கட்ட அளவெடுத்துச் செய்த இடம் போன்றது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் எஞ்சினில், எக்ஸாஸ்ட் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது பிஸ்டனின் தலைமேல் சுண்டுவிரல் நீளத்துக்குச் செம்மண் கூடு ஒன்று இருந்தது. கல்லாய் இறுகிய அந்த மண்ணின் ஒரு துண்டு பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிக்கிடந்தது. அந்த நிலையில் கிக்கரை இரண்டு முறை ஓங்கி மிதித்திருந்தால் அந்த மண் உப்புத்தாளைப் போல போர் முழுவதையும் கீறியிருக்கும். கிக்கர் தண்டின் பற்களும் உடைந்திருக்கும்; அவற்றை மாற்ற எஞ்சினின் வலதுபக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகவும் எக்ஸாஸ்ட் வழியாகவும் உள்ளே பாருங்கள். மண் இருந்தால் எண்ணெய் எதையும் ஊற்றாமல், உலர்ந்த நிலையிலேயே மென்மையான கம்பியால் கிளறி, எஞ்சினைச் சாய்த்துக் கொட்டிவிட வேண்டும். எண்ணெய் பட்டால் அது சேறாகி போர்ட்டுகள் (சிலிண்டர் சுவரிலுள்ள வாயில்கள்) வழியே கீழே கிராங்கின் பேரிங்குக்குள் இறங்கிவிடும். சுத்தமாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) சமமாகக் கலந்து பிஸ்டன் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, மூன்று நான்கு நாட்கள் விட்டுவிடுங்கள். அதன்பின் இடதுபக்க மூடியைத் திறந்து, மேக்னட்டின் (கிராங்கின் இடது முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) நடு நட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, முன்னும் பின்னுமாக மிகச் சிறிய அளவில் அசைத்துப் பாருங்கள். கிராங்க் அசையாமல் நட்டு மட்டும் தளர்ந்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் குழாயைச் செருகி விசையைக் கூட்டும் வழக்கம் இந்த வேலைக்கு ஆகாது.

அசையவில்லையென்றால் ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றத்தான் வேண்டும். ஹெட்டின் நட்டுகளைக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பிளாக் வராவிட்டால் துடுப்புகளுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். அலுமினியத் துடுப்பு பிஸ்கட்டைப் போல உடையும். ஹீட் கன் இருந்தால் சுற்றிலும் சீராகச் சூடேற்றி, மரச்சுத்தியலால் எக்ஸாஸ்ட் முகப்பின் தடித்த பகுதியில் மட்டும் தட்டுங்கள். அலுமினியமும் உள்ளிருக்கும் வார்ப்பிரும்பு லைனரும் வெவ்வேறு அளவில் விரியும்போது துருவின் பிடி விடுபடும். பிளாக் ஒரு விரற்கடை உயர்ந்ததும் கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். உடைந்த ரிங் துண்டோ பிஸ்டன் பின்னின் லாக்கோ உள்ளே விழுந்தால், அதை எடுக்கவே எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டிவரும்.

பிஸ்டன் பின்னைக் கழற்றும்போது பலர் ஒரு பக்கத்திலிருந்து சுத்தியலால் அடிக்கிறார்கள். அந்த அடி முழுவதையும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வாங்குகிறது, கண்ணுக்குத் தெரியாமல் வளைந்தும் விடுகிறது. கொதிக்கும் வெந்நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனைச் சுற்றிச் சில நிமிடங்கள் வைத்திருந்தால், அந்தப் பின் கைவிரல் அழுத்தத்துக்கே நகர்ந்து வருவதைப் பார்ப்பீர்கள். பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்டை நோக்கியிருந்ததா என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முன்பு யாரோ திருப்பிப் போட்டிருந்தால், இந்த எஞ்சின் ஏன் படிக்கட்டுக்கு அடியில் போனது என்பதற்கான பதில்கூட அதில் இருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் ரிங்கின் வாய் சுழன்று போர்ட்டுக்கு நேரே வந்துவிடாதபடி ரிங் பள்ளத்தில் ஒரு சிறிய பின் இருக்கும். பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும்.

இப்போது அளக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்து "போர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்கின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை நகம் சொல்லாது. போர் கேஜ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துச்சென்று மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் முன்பின்னாகவும் குறுக்காகவும் அளக்கச் சொல்லுங்கள். ஆறு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, துருப் புள்ளிகள் ரிங் ஓடும் பகுதியில் இல்லாமலும் இருந்தால், ஹோன் செய்து (சுவரைக் கல்லால் இலேசாகத் தீட்டி) புது ரிங் போட்டாலே போதும். பள்ளம் இருந்தால் போர் அடிக்க வேண்டும். பிஸ்டன்கள் ஸ்டாண்டர்டுக்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற அளவுகளில் வரும். தேவைப்படும் மிகச் சிறிய அளவையே தேர்ந்தெடுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்தே போர் அடிக்கச் சொல்வதுதான் முறை. பெட்டியில் 50.50 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிப் போர் அடித்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது தலைகீழான வேலை. காற்றில் குளிரும் இந்த அளவு எஞ்சினுக்குப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய 0.04 மி.மீ. இடைவெளி பாதுகாப்பானது, பட்டறையில் ஒன்றரைத் தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் புரிந்துகொள்வார்கள்.

போர் அடித்து வந்த பிளாக்கை வாங்கியவுடன் போர்ட்டுகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிளேடைப் போல விரலைக் கிழித்தால் விளிம்பை மழுக்காமல் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். ஒருமுறை ஒரு பட்டறையிலிருந்து அப்படி வந்த பிளாக்கை நானும் கவனிக்காமல் பூட்டினேன். 100 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ரிங்கின் ஒரு முனை எக்ஸாஸ்ட் போர்ட்டின் விளிம்பில் மாட்டி உடைந்து, புதுப் பிஸ்டனையும் புதுப் போரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. நுண்ணிய அரத்தாலும் பிறகு எண்ணெய் தோய்த்த எமரியாலும் ஒவ்வொரு போர்ட்டின் விளிம்பையும் இலேசாக உருட்டிவிட வேண்டும். அதன்பின் பிளாக்கைச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படாத அளவுக்குக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஹோன் கல்லின் துகள் போகாது. கழுவி முடித்து உலர்த்தியதும் உடனே 2டி ஆயில் தடவிவிடுங்கள்; நம் ஊர்க் காற்றில் ஒரே இரவில் வார்ப்பிரும்பு சிவந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். புதுப் பிஸ்டன், புதுப் போர் என்று பூட்டி ஓட்டுகிறார்கள். சில நூறு கிலோமீட்டரில் எஞ்சின் மறுபடி இறுகிச் சீஸ் ஆகிறது, பிஸ்டன் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிறார்கள். உண்மையில் நீண்டநாள் கிடந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் கீழ்ப்பாகம்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது எண்ணெய் நிற்கும் ஒரு பெட்டி. அதில் சிறு கசிவு இருந்தால் தரையில் எண்ணெய் சொட்டும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பெட்டியே ஒரு பம்ப். பிஸ்டன் மேலேறும்போது கார்புரேட்டரிலிருந்து கலவையை உள்ளிழுத்து, கீழிறங்கும்போது அழுத்தி மேலே அனுப்புவது அதுதான். அந்தப் பெட்டிக்குள் வேறு எந்த வழியாகக் காற்று நுழைந்தாலும், கலவையில் பெட்ரோலும் அதோடு கலந்த ஆயிலும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகின்றன. எஞ்சின் சூடேறி, ஆயில் இல்லாமல் காய்ந்து இறுகுகிறது.

அந்தப் பெட்டியைக் காப்பவை கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு ஆயில் சீல்கள். ஓடாமல் கிடந்த எஞ்சினில் சீலின் உதடு பழைய செருப்பு வாரைப் போல விறைத்து, கிராங்க் தண்டைத் தொடாமல் விலகியிருக்கும். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போகும்: ஐடிலிங் தானாக ஏறும், ஆக்சிலரேட்டரை விட்டபின்பும் எஞ்சின் அலறும், பிளக் வெளுத்திருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படும்: வெள்ளைப் புகை நிற்காது, பிளக் கறுத்து நனையும், கியர் ஆயில் அளவு மர்மமாகக் குறைந்துகொண்டே போகும். வாங்கும் பாகங்களில் எதில் சிக்கனம் பார்த்தாலும் இந்த இரண்டு சீல்களிலும் பார்க்காதீர்கள். எஞ்சினிலேயே மிக மலிவான பாகங்களில் இவை சேரும். இவை போனால் மிக விலையுயர்ந்தவை சேர்ந்து போகும்.

கிராங்கையும் சோதியுங்கள். கனெக்டிங் ராடை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக நேராக இழுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேல்கீழாக இம்மியளவு தட்டல் கேட்டாலும் ராடு கிட் மாற்ற வேண்டும். பிறகு கிராங்கை மெதுவாகச் சுழற்றி, ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்திலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடும் ஒலி வந்தால் பேரிங்கில் துரு. உங்கள் எஞ்சின் இருந்த நிலையைப் பார்த்தால் பேரிங்குகளை மாற்றியே ஆக வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குக் கிராங்க் கேஸை இடம் வலமாகப் பிளக்க வேண்டும். கிராங்கின் முனையில் சுத்தியலால் அடித்துப் பிரிப்பதுதான் நம் தெருமுனைப் பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய கொடுமை. இந்தக் கிராங்க் பல துண்டுகளை அழுத்தப் பொருத்தத்தில் இணைத்துச் செய்தது. முனையில் விழும் ஒரே அடியில் அதன் இரு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். இழுத்துப் பிரிக்கும் கருவியான புல்லர் கொண்டுதான் பிரிக்க வேண்டும். ராடு மாற்றுவதானால் ஹைட்ராலிக் பிரஸ்ஸும், மாற்றியபின் இரு சென்டர்களுக்கு நடுவில் சுழற்றி டயல் கேஜால் நேர்பார்க்கும் வசதியும் உள்ள பட்டறைக்குப் போங்கள். ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அந்த அளவைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல பட்டறைக்காரர் அதைப் பெருமையோடு காட்டுவார்.

பூட்டியபின், கார்புரேட்டரை மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையை வற்புறுத்திச் சொல்கிறேன். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் துண்டும் தகடும் வைத்து இறுக்கி அடையுங்கள். கார்புரேட்டர் முகப்பை அதேபோல் அடைத்து, அதில் ஒரு சிறு குழாயை மட்டும் செருகுங்கள். அந்தக் குழாயில், ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பந்தையும் வட்டமானியையும் இணைத்து, முள் 300-ஐத் தொடும்வரை அழுத்துங்கள். அது ஏறக்குறைய 0.4 பார், இந்தச் சோதனைக்குத் தேவையான அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். முள் சில நிமிடங்கள் அங்கேயே நின்றால் எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது. மளமளவென்று இறங்கினால் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் எல்லா இணைப்புகளிலும் தடவுங்கள். சென்ற ஆண்டு நான் பூட்டிய ஒரு எஞ்சினில், புதுச் சீல்கள் போட்டிருந்தும் முள் நிற்கவில்லை. நுரை தடவியதும் பிளாக்கின் அடிப் பேக்கிங்கில் ஒரே இடத்தில் கடுகளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பழைய பேக்கிங்கின் ஒரு சிறு ஓரம் சுரண்டப்படாமல் ஒட்டியிருந்திருக்கிறது. அந்தக் கடுகளவுக் கசிவை ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பேன் என்றால் இன்னொரு பிஸ்டன் போயிருக்கும்.

ரீடு வால்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தகடுகளின் ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தாலோ முனை பிளந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரின் ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாதீர்கள், அவற்றின் துளை அளவுதான் அவற்றின் முழு மதிப்பும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதினால் போதும். பெட்ரோல் குழாய், மிதவை ஊசி, பேக்கிங் வளையங்கள் அனைத்தும் புதிதாகவே இருக்கட்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1980களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறிப் பருத்தும் விரிந்தும் போகிறது. எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

ஆர்எக்ஸ் 100-இல் பிளாட்டினம் பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) கிடையாது, சி.டி.ஐ. என்ற மின்னணு இக்னிஷன்தான். அதனால் தேய்மானக் கவலை குறைவு. மேக்னட்டைப் புல்லரால் கழற்றி, உட்பக்கத் துருவைத் துணியால் துடைத்து, காயிலின் ஒயர்கள் எலிக்கு இரையாகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேக்னட்டைச் சுத்தியலால் தட்டினால் காந்தசக்தி குறையும், விரிசலும் விடும். கிளட்ச் தகடுகள் ஒட்டியிருக்கும். பிரித்துப் புது ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். கியர் பற்களில் துரு ஆழமாக இறங்காதவரை கியர்பாக்ஸை நோண்ட வேண்டாம். அது எஞ்சினைவிட நெடுங்காலம் வாழக்கூடியது.

பெயின்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் பிரித்த பாகங்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து தருகிறோம் என்பார்கள். கிராங்க் கேஸுக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பேரிங்குக்கு எண்ணெய் போகும் நுண்துளைகளில் ஒரு சிட்டிகை மணல் தங்கினாலும் இதுவரை செய்த வேலை எல்லாம் வீண். பழைய அலுமினியத்தின் மங்கிய சாம்பல் நிறமே இந்த எஞ்சினுக்கு அழகு என்பது என் கருத்து. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் பொறுமையும் போதும்.

முதல் ஓட்டத்துக்கு லிட்டருக்கு 40 மில்லி நல்ல 2டி ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றுங்கள். ஆயில் பம்ப் உள்ள எஞ்சின் என்றாலும் முதல் தொட்டிக்கு இப்படிக் கலப்பதே பாதுகாப்பு. கிளப்பியதும் இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்து, கையால் தொடும்படி முழுவதும் குளிரவிடுங்கள். அடுத்தமுறை ஐந்து நிமிடம், மீண்டும் குளிர்ச்சி. மூன்று நான்கு முறை இப்படிச் செய்தபின், குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளைக் குறுக்குவரிசையில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், சற்று இடம்கொடுக்கும். வண்டியில் பூட்டிய பிறகு முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி ஆக்சிலரேட்டரைத் தாண்டாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தரும் எஞ்சின் இது. அந்தச் சீற்றம் பிறகு கிடைக்கும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு இறங்கினால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் நின்றுபோகும் என்பதால், இடையிடையே சிறிது திறந்துவிடுங்கள்.

100 கிலோமீட்டர் ஆனதும் ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் சிறிது தூரம் போய், கிளட்சைப் பிடித்து எஞ்சினை உடனே அணைத்து, வண்டியை ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கறுத்து நனைந்திருந்தால் கலவை கெட்டி (பெட்ரோல் அதிகம்), அல்லது கிளட்ச் பக்கத்துச் சீலில் கோளாறு. வெளுத்திருந்தால் வீடு திரும்பும்போதுகூட அதை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். எங்கோ காற்று புகுகிறது, அந்த ரத்த அழுத்தக் கருவியை மறுபடி எடுக்க வேண்டும். எண்ணைத் தேய்த்துப் பார்த்ததும் முதல் மூன்று எழுத்துகளையும், வெர்னியரில் வந்த போர் அளவையும் மட்டும் எனக்கு எழுதுங்கள். எஞ்சின் எண் முழுவதையும் பொதுவில் எங்கும் போட வேண்டாம். எந்த அளவுப் பிஸ்டன் தேடுவது என்று அதற்குப்பின் சொல்கிறேன்.